வெந்நாயும் இரண்டு ஆம்பூராரும்

அமெரிக்காவில் நாய்க்கறி தின்கிறார்கள் என்று சிராங்கூன் சாலையில் பாதிப் பேர் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்ததற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. அமெரிக்கரோடு பேசியதும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஏணியின் மேலிருந்து. அந்த நாட்டுச் சாப்பாட்டில் ஒரு கவளம்கூட அவர் வாய்க்குள் போனதில்லை. இருந்தும் அந்தச் சாப்பாட்டின் மேல் அவர் ஒரு வருஷத்துக்கு மேல் போர் நடத்தினார். அந்தப் போரில் நானும் ஒரு சிப்பாய். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் அவர் மேல், மீதி என் மேல்.

அவருக்குப் பெயர் இருந்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது தொழில் என்பதால் பலகையார் என்றால் போதும், தேக்கா வட்டாரம் முழுக்கத் தெரியும். அறுபதுகளின் தொடக்கம் அது. இப்போது ‘லிட்டில் இந்தியா’ என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்களே, அந்த வட்டாரத்தில்தான் அவர் கடை. அவர் இருந்திருந்தால் முதல் வேலையாக அந்தப் பலகையைக் கழற்றியிருப்பார். நான் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்துக்கொண்டு, அவர் கடைக்கு மேல்மாடி அறையில் குடியிருந்தேன். அவருடைய சாயத்தின் வாடை என் சட்டையிலேயே இருக்கும்.

கை என்றால் அது கை. ‘ழ’ ஒன்றை அவர் எழுதி முடிப்பதை, கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில் போகிற சீனர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தக் கைக்கு ஒரு திமிர் இருந்தது. ஆங்கிலச் சொல்லை அது எழுதாது. ஜ, ஷ, ஸ, ஹ என்ற நான்கு எழுத்துகளையும் எழுதாது. “வடவெழுத்து என் தூரிகையில் ஏறாது” என்பார். பேச்சிலும் அப்படித்தான். பொங்கல் மேடையில் பேசுவதைப் போலத்தான் அவர் சாயக் கடையில் சாயம் கேட்பார். எதிரில் காப்பிக் கடையில் போய், “பால் கலவாக் கருநீர் ஒரு குவளை” என்பார். கடைக்காரர் ஒவ்வொரு நாளும் தலையில் அடித்துக்கொள்வார். “ஐயா, கோப்பி ஓன்னு சொல்லுங்க, நான் குடுக்கறேன். கருநீர்னா என் கடையில சாக்கடையில்தான் ஓடுது!”

எங்கள் வரிசைக் கோடியில் ஒரு முடிவெட்டும் கடை. அதன் சொந்தக்காரர் “சலூன்னு எழுதுங்க” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் ‘முடிவினை மனை’ என்று ஆளுயரப் பலகை தொங்குகிறது. முடி வினை செய்யும் மனை என்று பலகையார் விளக்கம் சொன்னார். படிக்கிறவர்கள் பிரித்தா படிப்பார்கள்? அந்த வாரம் சலூன்காரர் தெருவில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. “முடிவெட்ட ஒருத்தன் வரல! பாடை கிடைக்குமான்னு கேட்டு ரெண்டு பேர் வந்துட்டானுங்க! என்னய்யா எழுதி வெச்சிருக்கே?”

பலகையாருக்கு எதிரிகள் இப்படி நிறைய. ஆனால் நிரந்தர எதிரி பக்கத்துக் கடை ஹமீது பாய். ஆம்பூர்க்காரர், செருப்புக் கடை வைத்திருந்தார். ‘ஹமீது செருப்புக் கடை’ என்று எழுதச் சொன்னார். வந்தது ‘அமீது காலணியகம்’. காலணியகத்தைப் பாய் பொறுத்துக்கொண்டார். பெயரைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அஞ்சு வருஷமாக, காலையில் கடையைத் திறக்கும்போது மேலே ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். உடனே ஆரம்பிப்பார்.

“எங்க வாப்பா வெச்ச பேரு. அதோட தலைய வெட்டிப்புட்டீங்களே!”

“அமீது, அது வெறும் மூச்சு. மூச்சுக்கு எழுத்து எதற்கு?” என்பார் பலகையார், தலையைத் தூக்காமலே.

“மூச்சு இல்லன்னா மையத்துதான், பலகையாரே!”

‘வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ள வேண்டியதுதானே’ என்று நான் பாயிடம் ஒருமுறை கேட்டேன். அவர் என்னை முறைத்தார். “எழுத்து எவ்வளவு அழகா இருக்கு லா! எப்படி எறக்குறது?”

பலகையாருக்கு ஒரே மகன், அறிவழகன். தாய் அவன் சின்ன வயசிலேயே போய்விட்டாள். பலகையார்தான் சமைத்துப் போட்டு வளர்த்தார். மத்தியானம் சரியாகப் பன்னிரண்டரைக்குத் தூரிகையை வைத்துவிட்டு, பள்ளிக்கூட வாசலுக்குச் சோற்றுத் தூக்கோடு நடப்பார். மழை கொட்டினாலும் நடப்பார். பையன் கல்லூரிக்குப் போன பிறகும் இந்தத் தூக்கு நிற்கவில்லை. பையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கும், ஆனாலும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. பிடிவாதத்தில் அப்பனுக்குச் சளைத்தவனில்லை. பேச்சும் அச்சு அசல் அப்பன்தான்.

அந்த அறிவழகனுக்கு அமெரிக்காவில் பொறியியல் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. கப்பலேற்ற நானும் பாயும் போயிருந்தோம். எல்லாத் தகப்பன்களும் அழுதுகொண்டிருந்தார்கள். பலகையார் நிபந்தனை போட்டுக்கொண்டிருந்தார்.

“திங்கள்தோறும் இரு மடல் எழுது. தமிழில் எழுது. ஒரே ஓர் ஆங்கிலச் சொல் கலந்திருந்தாலும் மேற்கொண்டு படிக்க மாட்டேன். வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவேன்.”

“அங்ஙனமே ஆகட்டும், தந்தையே” என்றான் அவன். கப்பலடியில் இப்படிப் பேசுகிற அப்பனையும் மகனையும் உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நாடகம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் கடிதம் வந்த அன்று சாயங்காலம் கடைவாசலில் கூட்டம். பலகையார் கடிதத்தை வீட்டுக்குள் வைத்துப் படிக்கிறவர் இல்லை. நின்றுகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊருக்கே படிப்பார். நான், ஹமீது பாய், சண்டை மறந்த சலூன்காரர் எல்லோரும் முக்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஏணிக்கு அடியில் அவருடைய நாய் படுத்திருந்தது. தெருநாய்தான். ஆனால் அதற்கு அவர் ஞமலி என்று பெயர் வைத்திருந்தார். பழந்தமிழில் நாய்க்கு அதுதான் பெயராம். தேக்காவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை, நாய்க்கும் அது தன் பெயர் என்று தெரியாது.

குளிர், பனி, கட்டடங்கள் எல்லாம் படித்து முடித்து, பலகையார் குரல் கம்பீரமாகச் சாப்பாட்டுக்கு வந்தது.

“‘நண்பகலில் பெரும்பாலும் வெந்நாய் உண்கிறேன். முதலில் தயங்கினேன், இப்போது பழகிவிட்டது. மெத்தென்ற அப்பத்தை நீளவாக்கில் பிளந்து, உள்ளே வெந்நாயைக் கிடத்தி, மேலே கடுகுச் சாந்து பூசித் தருகிறார்கள். நின்றபடியே உண்டுவிடலாம்.’”

பலகையார் நிறுத்தினார். அந்த வரியை மனசுக்குள் இன்னொரு தடவை படித்தார். எங்கள் எல்லோருடைய கண்ணும் ஏணிக்கு அடியில் போனது. ஞமலி ஒரு ஈயை விரட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, நீ ஆங்கிலம் கற்றவன். அந்நாட்டார் நாய் உண்பார்களா?” என்று என்னைக் கேட்டார்.

இங்கேதான் என் மேல் எனக்குக் கோபம். ‘தெரியாது’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணியவன் எங்கே தெரியாது என்பான்? “விசாரிச்சுச் சொல்றேங்கய்யா” என்றேன். மறுநாள் துறைமுகத்தில், கப்பல்காரர் யாரோ விட்டுப்போன அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. புரட்டினால், ஒரு பக்கம் முழுக்கக் கடுகுச் சாந்து விளம்பரம். அதில் பெரிய எழுத்தில் ‘ஹாட் டாக்’ என்று போட்டிருந்தது. ஹாட் என்றால் சூடு, டாக் என்றால் நாய். நான் படித்த ஆங்கிலத்தில் அதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை. படத்தில் பிளந்த ரொட்டிக்குள் சிவப்பாக, நீளமாக, ஒரு முனை லேசாக வளைந்து என்னவோ படுத்திருந்தது. பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

“ஐயா, உண்மைதான். அச்சடிச்சே போட்டிருக்கான்.”

பலகையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். “இது நாயின் எந்த உறுப்பு?”

ஹமீது பாய் எட்டிப் பார்த்தார். செருப்புக்காரருக்குத் தோல் தெரியும், எலும்பு தெரியும். “வாலு லா” என்றார். சலூன்காரரும் ஆமாம் என்றார். படித்தவன் என்ற முறையில் நானும் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து போர். டின் பால், டப்பா பழம், ஓட்ஸ் எது கண்ணில் பட்டாலும், “எந்நாட்டது?” என்று கேட்பார். அமெரிக்கா என்றால் கடைக்காரரோடு சண்டை. புதிதாகத் திறந்த ஐஸ்கிரீம் கடைக்காரர் ‘அமெரிக்கன்’ என்று பலகை எழுதச் சொல்லி வந்தபோது, “நாய்வால் தின்போர் பெயரை எழுதேன்” என்று விரட்டினார். பாவம், அவர் ஜொகூர்க்காரர்.

ஒரு நாள் வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் அஞ்சடியில் நடந்து வந்தார்கள். சுற்றுலாக்காரர்கள். பூப்போட்ட சட்டை போட்ட கணவர், கழுத்தில் கேமரா. அந்த அம்மாள் ஞமலியைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டாள். முதுகைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள், கடைசியில் வாலைப் பிடித்து ஆட்டினாள்.

“எந்நாட்டார், தம்பி?” என்று பலகையார் உள்ளேயிருந்து கேட்டார்.

நான் கேட்டுச் சொன்னேன். அமெரிக்கா.

ஐம்பது வயசு மனிதர் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. நாயை அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் மடமடவென்று ஏறி, உச்சிப்படியில் நின்றுகொண்டார். “அகலுங்கள்! இது உணவன்று, என் உறவு!” என்று முழங்கினார். அந்த அம்மாள் ஏதோ உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்துக் கைதட்டினாள். கணவர் படம் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் எங்கோ ஒரு வீட்டில், ஏணி மேல் நாயோடு ஒரு தமிழர் கோபமாக நிற்கிற படம் இன்னும் இருக்கலாம்.

இதற்கிடையில் அறிவழகன் ஒழுங்காக மாதம் இரண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். ஒன்றில், ‘நண்பர்கள் வற்புறுத்தியதால் வேர்க்கள் பருகினேன், இனிப்பாக இருந்தது’ என்று எழுதியிருந்தான். அமெரிக்கர்கள் ரூட் பீர் என்று ஒரு சோடா குடிக்கிறார்கள், பேரில் பீர் இருக்கிறதே தவிர உள்ளே ஒரு சொட்டு சாராயம் கிடையாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பலகையார் வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. அன்று முழுக்க அவர் ஒரு பலகைகூட எழுதவில்லை.

தெரு சும்மா இருக்குமா? கடையைத் தாண்டும்போது சில பேர் ‘லொள், லொள்’ என்று குரைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ‘பிள்ளைக்கு இன்னிக்கு என்ன குழம்பு, அல்சேஷனா?’ என்று ஒருவன் கேட்டான். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதினால் பத்திரிகைக்கு வம்பு. பள்ளிக்கூட வாசலில் மழையில் சோற்றுத் தூக்கோடு நின்ற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? முன்பெல்லாம் அவர் பதிலுக்குக் கத்துவார். அந்தக் குரைப்புக்கு மட்டும் கத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் வந்தது அந்தக் கடிதம். பலகையார் வழக்கம்போல நின்றுகொண்டு படித்தார், குரல்தான் பழைய குரல் இல்லை.

“‘நேற்று நூலகத்திலிருந்து திரும்பும்போது பசி தாளாமல், இரண்டு ஆம்பூராரை அடுத்தடுத்து உண்டேன். நன்றாகக் கொத்தி, வட்டமாகத் தட்டி, இரும்புத் தகட்டில் இருபுறமும் வாட்டி, வெங்காயம் வைத்துத் தந்தார்கள். இங்குள்ள மாணவர்கள் ஒரே வேளையில் நால்வரைக்கூட உண்கிறார்கள்.’”

ஹமீது பாய் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

“ஆம்பூரா? எங்க ஊரா? எந்த ரெண்டு பேரு? பேரு போட்டிருக்கானா பாருங்க!”

பையன் செய்தது இதுதான். ஹாம்பர்கர் என்ற பண்டத்துக்கு ஹாம்பர்க் என்ற ஊரால் பெயர் வந்தது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் ஹ கிடையாது, வெட்டினான். மிச்சத்தைத் தமிழ் ஓசைக்கு வளைத்தான், ஆம்பூர் ஆனது. அந்த ஊரைச் சேர்ந்தது ஆம்பூரார். இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பாய் அன்றைக்கே ஊருக்குக் கடிதம் போட்டு, எல்லோரும் சௌக்கியமா, யாராவது அமெரிக்கா பக்கம் போனார்களா என்று விசாரித்தார். எல்லோரும் சௌக்கியம் என்று பதில் வரும்வரை பிரியாணியில் கை வைக்கவில்லை.

மகன் மனுஷனைத் தின்கிறான் என்று பலகையார் நம்பினாரா என்று கேட்காதீர்கள். நம்பியிருக்க மாட்டார். ஆனால் அன்று சாயங்காலம் தெருவே கூடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ‘பாய், ஜாக்கிரதை, பையன் லீவுல வரப் போறான்’ என்று கூவினார்கள். பலகையார் கடைக்குள் போய்க் கதவுப் பலகைகளைச் சாத்திக்கொண்டு எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார், விலாசம் நான்தான் ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பதால்.

‘அந்நாட்டு உணவு எதையும் இனித் தொடாதே. பாலும் பழமும் போதும். தொட்டால் என் முகத்தில் விழிக்காதே.’

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பலகையார் பிரித்தார். இரண்டாவது வரியிலேயே அவர் முகம் மாறியது. எட்டிப் பார்த்தேன். ‘தந்தையே, பொறுத்தருள்க. இதை விளக்க எனக்கு வேறு வழியில்லை. ஹாட் டாக் என்பது’ என்று இருந்தது. அதற்கு மேல் நான் படிக்குமுன் அவர் கடிதத்தை மடித்துவிட்டார்.

“ஆங்கிலம் கலந்துவிட்டான். திருப்பி அனுப்பு, தம்பி.”

“ஐயா, என்னமோ விளக்கம் சொல்ல வர்றான் போல. முழுசா...”

“திருப்பி அனுப்பு.”

அனுப்பினேன். நானே உறை வாங்கி, நானே விலாசம் எழுதி, நானே பெட்டியில் போட்டேன். ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்று மிச்சத்தைப் படித்திருக்கலாம். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று நினைத்தேன். என்ன பெரிய நாகரிகம் என்னுடையது! என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

அதற்கடுத்து ஒற்றை வரியில் ஒரு கடிதம். ‘தங்கள் ஆணைப்படியே பாலும் பழமும் உண்டு வருகிறேன்.’ அவ்வளவுதான். பலகையார் அதைத் தெருவுக்குப் படித்துக் காட்டினார். அன்று யாரும் குரைக்கவில்லை. அவருக்கு வெற்றிதான். அதற்குப் பிறகு கடிதமே வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தூரிகை அந்தரத்தில் நிற்கும், சைக்கிள் கடந்து போனதும் மறுபடி இறங்கும். இரண்டு மாதம் ஆயிற்று. பன்னிரண்டரை ஆனால் தூரிகையை வைத்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சமையலை நிறுத்திவிட்டார் என்று ஹமீது பாய்தான் என்னிடம் சொன்னார். “அவரும் பாலும் பழமுந்தான் சாப்புடறாரு. கேட்டா கத்தறாரு.”

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தட்டச்சு செய்த உறை வந்தது. முழுக்க ஆங்கிலம். மாணவர் விடுதி மேற்பார்வையாளர், ஓர் அம்மையார், எழுதியிருந்தார். பலகையார் உறையைத் தொடாமல் என்னைக் கூப்பிட்டார்.

“தமிழில் சொல். தமிழில் மட்டும்.”

படித்தேன். பனிக்காலத்தில் பையன் இரண்டு மாதமாகப் பாலும் வாழைப்பழமும் மட்டுமே சாப்பிட்டிருக்கிறான். போன வாரம் வகுப்பிலேயே மயங்கி விழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறார்கள். அங்கேயும் தட்டைத் தள்ளிவிடுகிறான். என் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரே பேச்சு. கடைசியில் அந்த அம்மையார் எழுதியிருந்தார்: ‘ஹாட் டாக் பற்றி ஏதோ தவறான எண்ணம் ஏற்பட்டிருப்பதாக அறிகிறேன். அதில் நாய் எதுவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். அது வெறும் கொத்திறைச்சி. பெயர் மட்டும்தான் அப்படி. தயவுசெய்து உங்கள் மகனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.’

பலகையார் பொறுமையில்லாமல், “என்ன எழுதியுள்ளார்? தமிழில் சொல்” என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அஞ்சு வருஷமாக ஐயா ஐயா என்று கூப்பிட்ட மனிதரைப் பார்த்துக் கத்தினேன்.

“தமிழ்ல என்னத்தச் சொல்றது? ஹாட் டாக்னா நாய் இல்ல! கேட்டுக்குங்க, ஹாட் டாக்! ஹாட் டாக்! கொத்துக்கறி அது! அத எழுதித்தான் அனுப்பினான், நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க! நானும் கொண்டுபோய்ப் போட்டுத் தொலைச்சேன்! இப்ப அங்க சாப்பிடாம ஆஸ்பத்திரியில கிடக்கான், போதுமா?”

தெருவே நின்றுவிட்டது. பலகையார் மெதுவாக ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவர் வாய் திறந்தபோது வந்தது நான் அதுவரை கேட்டிராத பேச்சு. எங்களைப் போலவே பேசினார்.

“எத்தன நாளா சாப்புடல, தம்பி? எம்புள்ள எத்தன நாளா சாப்புடல?”

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். “தந்தி குடுக்கணும். வா.”

ஹமீது பாயும் கடையைப் போட்டது போட்டபடி எங்களோடு பஸ்ஸில் ஏறினார். தந்தி ஆபீசில் நான் படிவத்தை எடுத்து, ‘ஈட் ஹாட் டாக். ஃபாதர்’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். பலகையார் யோசித்தார்.

“நெறையன்னு போடு தம்பி. நெறையன்னா இங்கிலீசுல என்ன?”

“மெனி.”

“மெனி போடு.”

கவுண்டரில் இருந்தவர் நம்மவர்தான். ‘ஈட் மெனி ஹாட் டாக்’ என்று வாய்விட்டுப் படித்தார். உதட்டைக் கடித்தார். பிறகு, மெனி என்றால் டாக் என்று வராது, டாக்ஸ் என்று வரவேண்டும் என்று எனக்கு இலக்கணம் சொல்ல ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்குமுன் பலகையார் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். வாழ்க்கையில் இலக்கணத்துக்காகவே சண்டை போட்ட மனிதர்.

“எலக்கணம் கெடக்குங்க. எம்புள்ள பட்டினியா இருக்கான். சீக்கிரம் அனுப்புங்க.”

கடைக்குத் திரும்பியதும் ஒரு வான்கடிதத் தாளை விரித்து உட்கார்ந்தார். தந்தி இன்னொருவர் எழுத்து, பிள்ளை நம்ப மாட்டான், என் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவான் என்றார். பேனாவைத் தாளில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். தெருவில் உள்ள அத்தனை பலகைகளையும் எழுதிய கை நகரவில்லை.

“தம்பி, அந்த எழுத்து எப்படிப் போடுறது? அந்த ஹ?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹமீது பாய் குறுக்கே வந்தார். “நகருங்க. அது என் எழுத்து.” ஒரு செருப்புப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில் பென்சிலால் பெரிசாக ஒரு ஹ போட்டுக் காட்டினார். “இங்க ஆரம்பிங்க. சுழிச்சு மேல போங்க. அப்படியே எறக்கி, கீழ ஒரு வளைவு. அவ்வளவுதான் லா.”

பலகையார் பெட்டி மேல் ஏழெட்டுத் தடவை எழுதிப் பழகினார். பிறகு தாளில் எழுதினார். ‘அறிவு, ஹாட் டாக் சாப்பிடு. வேறு எது கொடுத்தாலும் சாப்பிடு. அப்பா.’ அந்த ஹ கோணலாக இருந்தது. தந்தை என்று போடாமல் அப்பா என்று போட்டதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. ‘அப்பா, தந்தி கிடைத்த அன்றைக்கே நாலு ஹாட் டாக் சாப்பிட்டேன். நர்ஸ் போதும் என்று தட்டைப் பிடுங்கிவிட்டாள். ஹாம்பர்கரில் ஆள் இல்லை என்று ஹமீது மாமாவிடம் சொல்லுங்கள்.’ பலகையார் அதை வாசலில் நின்று தெருவுக்கே படித்தார். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லிலும் தடுக்கினார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. ஹாம்பர்கர் என்பதைச் சொல்ல மூன்று தடவை முயன்றார். அன்று எவனாவது குரைத்திருந்தால் நான் அவன் பல்லைப் பேர்த்திருப்பேன். ஒருவரும் குரைக்கவில்லை.

அந்த வாரமே அவர் ஏணியைப் பாயின் கடை வாசலில் சாத்தினார். ‘அமீது’வின் முதல் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஹ போட்டார். அவர் எழுதிய பலகைகளில் கோணலான எழுத்து என்றால் அது ஒன்றுதான். பத்து நாள் கழித்து, கை பழகிய பிறகு, திருத்தித் தருகிறேன் என்று வந்தார். பாய் ஏணியையே வைக்க விடவில்லை. “இதத் தொட்டா கொலை விழும்” என்றார்.

இதோடு பலகையார் திருந்திவிட்டார் என்று நினைத்தால் நீங்கள் அவரை அறியாதவர்கள். ஹவுக்கு மட்டும்தான் மன்னிப்பு. அடுத்த தெரு ஜப்பார் கடைசிவரை சப்பார்தான். முடிவினை மனை முடிவினை மனையாகவே இருந்தது. அறிவழகன் படிப்பு முடிந்து கொஞ்சம் சதைபோட்டுத் திரும்பி வந்தபோது, துறைமுகத்தில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை நின்றதும், ‘பாஸ்போர்ட்’ என்று ஏன் சொன்னாய் என்று அங்கேயே அவனோடு சண்டை பிடித்தார்.

இப்போது செங்காங் அடுக்குமாடி வீட்டில் என் பேரப் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று நாள் ஆம்பூராரை உண்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னால் யார் கேட்கிறார்கள்? இந்தக் கட்டுரையை எழுதி முடித்துத் திருப்பிப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் ஆங்கிலச் சொல். பலகையார் கைக்குப் போயிருந்தால் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார். நாலாக மடித்து, “திருப்பி அனுப்பு, தம்பி” என்று என் கையிலேயே கொடுத்திருப்பார். அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. திருப்பி அனுப்புவதற்காவது அந்த மனிதர் இருந்திருக்கலாம்.